டகோட்டாவின் முதுகில் விரிந்த கோடு

டகோட்டா விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரியில், இரு பாதிகளாக உள்ள உடற்பகுதி சுமார் 27 சென்டிமீட்டர் நீளமுள்ளது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாளில், பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுச் சன்னலோரம் அமர்ந்து, ஒரு பாதியின் விளிம்பு முழுவதும் பசையைத் தடவி, மறுபாதியை அதன்மேல் பொருத்தினேன். தூரிகை வால் வரை செல்வதற்குள் மூக்குப் பகுதியில் பசை உலர்ந்துவிட்டது. ஆடிக் காற்றில் துணி காயும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. மறுநாள் இறக்கையைப் பொருத்திப் பார்த்தபோது முதுகில் இரு பாதிகளும் சேரும் கோடு மயிரிழை அளவுக்கு விரிந்தது.

இந்தப் பசை கோந்தைப் போல நடுவில் நின்று பிடிப்பதன்று. மாதிரியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து, இரு விளிம்புகளையும் ஒன்றாகக் கலக்கச் செய்து, பின் ஆவியாகிவிடுவது. ஆகவே விளிம்பு இளகியிருக்கும்போதே அழுத்தம் கிடைத்தாக வேண்டும்.

விரிந்த இடத்தில் கத்தி முனையை விட்டு உடலை மெல்லப் பிரித்து, பழைய கசடைச் சுரண்டினேன். காற்று நேராக அடிக்காத, ஆனால் ஆவி வெளியேற வழியுள்ள திண்ணைக்கு மாறி, இரு பாதிகளையும் முதலில் ஒட்டுநாடாவால் சேர்த்துக் கட்டினேன். நீர் போன்ற மெல்லிய பசையைத் தூரிகை நுனியில் எடுத்துக் கோட்டைத் தொட்டால் போதும். நுண்புழை ஈர்ப்பால் அது தானே உள்ளே ஓடும். மூன்று சென்டிமீட்டருக்குத் தொட்டு, பத்து எண்ணும் வரை பொறுத்து அழுத்தியபோது, இளகிய பிளாஸ்டிக் சிறு வரப்பைப் போலப் பிதுங்கி எழுந்தது. அந்த வரப்பு எழுந்த இடங்களில் பின்னர் எங்கும் பிளவு வரவில்லை. நாடாவின் அடியில் பசை புகுந்தால் பரப்பில் தழும்பு விழும். ஆதலால் நாடாக்களுக்கு இடையில் மட்டுமே தூரிகையை வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து 400, பின் 800 எண் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்ததும் கோடு மறைந்தது.