மச்சத்தைக் கிள்ளும் முன்

மச்சம், மரு என்று தோலில் வருபவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. ஆனாலும் பலருக்குக் கை சும்மா இருக்காது. நூல் கட்டி இறுக்குவார்கள், பிளேடால் சீவுவார்கள், ஆசிட் கலந்த களிம்பு தடவுவார்கள். இதில்தான் எனக்குப் பெரிய கவலை. கழுத்திலும் அக்குளிலும் காம்போடு தொங்கும் மருவில் இதைச் செய்தால் ரத்தமும் சீழும் வரலாம். வைரஸால் வரும் சொரசொரப்பான மருவைக் கிள்ளினால் அது பக்கத்துத் தோலுக்கும் பரவும். மச்சத்தைப் பொசுக்குவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. மேலே தழும்பு மூடிக்கொள்ளும், அடியில் புற்றுநோய் செல்கள் இருந்தால் அவை அப்படியே வளரும். டாக்டர் வெட்டி எடுத்தால் அந்தத் துண்டு பயாப்ஸிக்கு, அதாவது மைக்ரோஸ்கோப் பரிசோதனைக்குப் போகும். அதில் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் தெரிந்தால், அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

பெரிதாக இருக்கிறது, முடி முளைத்திருக்கிறது என்று பயப்படுவது இன்னொரு தவறு. வருடக்கணக்கில் மாறாமல் இருக்கும் மச்சத்தைப் பற்றிப் பெரும்பாலும் கவலை வேண்டாம். வயதாகும்போது ஒட்டவைத்தது போல் வரும் பழுப்புத் திட்டுகளும் அப்படித்தான். ஒரு பாதி மறு பாதி போல் இல்லாதது, ஓரம் கலைந்தது, பல நிறம் கொண்டது, 6 மில்லிமீட்டரைத் தாண்டி வளர்ந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, சில வாரங்களிலோ மாதங்களிலோ மாறியது: இவற்றைக் காட்டியே ஆக வேண்டும். சிறியதுதானே என்றும் விடக்கூடாது. கெட்டியாக, உருண்டையாக வேகமாக வளரும் மெலனோமாவும் உண்டு.

கறுப்புத் தோலுக்கு மெலனோமா வராது என்ற நம்பிக்கை உயிரையே வாங்கும். வருவது குறைவுதான், சரி. ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடத்தில் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்தார். பல நகங்களில் மெல்லிய கருங்கோடு இருப்பது கறுப்புத் தோலில் சாதாரணம். ஒரே நகத்தில் புதிதாக வந்து அகலமாகும் கோடு, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவும் கருமை, இரண்டும் அப்படியல்ல.

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் விரலிடுக்கு, முதுகு, உச்சந்தலை வரை பாருங்கள். சந்தேகமான இடத்தை அளவுகோல் வைத்து, அதே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ரத்தம் கசிந்தாலோ, புண் மூன்று நாலு வாரமாக ஆறாவிட்டாலோ அடுத்த போட்டோவுக்காகக் காத்திருக்காமல் தோல் டாக்டரிடம் போங்கள். அப்புறம், போகும்போது நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள்.