பெர்லினில் பால் வாங்கப் போகிறவர்களுக்கு

ஹோட்டலை விட்டுவிட்டு அடுப்படியோடு கூடிய வீடாக எடுத்துத் தங்கும் பழக்கம் நம்மவர்களிடம் பரவிவருகிறது. நல்லதுதான். பிராண்டன்பர்க் வாயிலைப் பார்க்க அரை மணி நேரம் போதும். ஒரு தெருவில் தங்கிக் காலையில் ரொட்டி வாங்கி, துணி துவைத்து, சந்தையில் விலை கேட்டு ஒரு வாரம் இருந்து பார்த்தால்தான் ஊர் பிடிபடும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். அதைக் கேட்டுப் பெர்லினுக்குக் கிளம்புகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே இடங்களில் சறுக்குகிறார்கள். எனக்கும் நன்றாகப் பழக்கமான இடங்கள்தான். பாஸ்போர்ட் நகல், குளிர்ச்சட்டை பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை இரவில் போய் இறங்குவது

இதைக் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்லப்போகிறேன். எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஜெர்மனியில் ஞாயிறன்று கடை கிடையாது. சூப்பர்மார்க்கெட், துணிக்கடை, செருப்புக்கடை எல்லாம் மூடல். இதைச் சொன்னால் நம்மவர்கள் தலையாட்டிவிட்டு, "பெரிய ஊர்தானே, ஏதாவது ஒன்று திறந்திருக்கும்" என்று மனதுக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள். பெர்லினின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி திங்கள் முதல் சனி வரை ராப்பகலாகக்கூடக் கடை திறந்து வைக்கலாம். ஞாயிறு அப்படியல்ல. ஞாயிறும் பண்டிகை நாள்களும் ஓய்வு நாள்கள் என்று 1919-இன் வைமார் அரசியல் சட்டம் சொன்னது. 1949-இல் எழுதிய இன்றைய அரசியல் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் வழிவிட்டுப் பார்த்தது. தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆண்டில் ஒருசில ஞாயிறுகளுக்கு இன்றும் விலக்கு உண்டு. உங்கள் பயணம் அதில் விழும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

என் தங்கை மகன் போட்டான். அதுவும் ஈஸ்டருக்கு. புனித வெள்ளியன்று மூடல், சனி திறப்பு, மறுபடி ஞாயிறும் திங்களும் மூடல். கைக்குழந்தையோடு சரியாக அந்தச் சனிக்கிழமை இரவில் போய் இறங்கினான். முன்கூட்டியே சொல்லத்தான் செய்தேன். "ஐரோப்பாவுல ஒரு பால் பாக்கெட் கிடைக்காதா மாமா? சும்மா பயமுறுத்தாதீங்க" என்றான்.

ஞாயிறு காலை போன் வந்தது. "மாமா, ஊரே சாத்திக் கிடக்கு. பாப்பாவுக்குக் காய்ச்சல் வேற."

இந்த இடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சோப்பு, ஷாம்பு, டயப்பர் விற்கும் பெரிய கடைகளை அங்கே மருந்துக்கடை என்று நினைத்துவிடுவோம். வைட்டமின் மாத்திரையும் மூலிகைத் தேநீரும் அடுக்கியிருப்பார்கள், பாராசிட்டமால் இருக்காது. அது அப்போதேக்கே எனப்படும் மருந்தகத்தில் மட்டும்தான், சிவப்பில் பெரிய ஆங்கில 'A' எழுத்து தொங்கும் வாசலில். ஞாயிறன்று அவையும் பூட்டியிருக்கும். முறைவைத்து ஒருசில மட்டும் சேவைக்கு இருக்கும். பக்கத்தில் எது திறந்திருக்கிறது என்பதைப் பூட்டிய மருந்தகத்தின் வாசலிலேயே போட்டிருப்பார்கள். அங்கே போய் மணியடித்தால் பெரும்பாலும் கதவிலுள்ள சின்னத் திறப்பின் வழியாகத்தான் மருந்தை நீட்டுவார்கள். விலைக்கு மேல் 2.50 யூரோ சேவைக் கட்டணம்.

இவன் பூட்டிய கதவைப் பார்த்ததும் திரும்பிவிட்டான். வாசலில் இருந்ததைப் படிக்கவில்லை. டாக்சி பிடித்து அடுத்த மருந்தகம், அதுவும் பூட்டு, அதற்கடுத்தது. கடைசியில் மருந்து கிடைத்தபோது, அந்த மருந்தின் விலையைப் போலப் பல மடங்கு டாக்சிக்குக் கொடுத்திருந்தான். பாலும் ரொட்டியும் பெட்ரோல் பங்கில் கிடைத்தன, பெட்ரோல் பங்க் விலையில். திங்கள் இரவு வரை பீட்சா.

காசு போனால் போகட்டும். ஊருக்கு வந்து, "பெர்லின் ஒரே டல் மாமா" என்றான் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெர்லின்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து உட்காருகிற நாளே ஞாயிறுதான். பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும். தலைகூடச் சீவாமல் வந்து வரிசையில் நிற்பார்கள். மவுவர்பார்க்கில் பழைய சாமான் சந்தை. டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தை 2008-இல் மூடி, 2010-இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். அந்த ஓடுபாதையில் சைக்கிளும் பட்டமும். அதன் ஓரத்தில் வீடு கட்டலாம் என்று அரசு கிளம்பியபோது 2014-இல் வாக்கெடுப்பு வைத்து வேண்டாம் என்றார்கள். கடைக்குப் போக வழியில்லாத ஊர் வேறெங்கே போகும்?

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் போய் இறங்குங்கள். சனிக்கிழமை காலையிலேயே பாலும் முட்டையும் காய்கறியும் வாங்கிவிடுங்கள். மாலையில் போனால் ஊரே அங்கேதான் நிற்கும், முற்றுகைக்கு அரிசி சேர்ப்பவர்கள் மாதிரி. தவறிவிட்டால் மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட் ஞாயிறும் உண்டு. நெரிசலைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஷ்பேட்டி எனப்படும் தெருமுனைச் சின்னக் கடைகளில் பீரும் சிப்ஸும், அதிர்ஷ்டமிருந்தால் பாலும் கிடைக்கும். மார்ச் 8, மகளிர் தினம், 2019 முதல் பெர்லினில் பொது விடுமுறை. ஒட்டியிருக்கும் போட்ஸ்டாமில் இல்லை. டிசம்பர் 24 மதியம் 2 மணிக்குக் கடைகள் மூடிவிடும். இந்த இரண்டிலும் மாட்டாதவர்கள் குறைவு.

தண்ணீர் பாட்டிலை நசுக்கிப் போடுவது

குடித்ததும் நசுக்கிப் போடுவது நம் ஊரில் நல்ல பழக்கம். அங்கே அது காசை நசுக்குவது. பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் பெரும்பாலும் 25 சென்ட் முன்பணம் பிடித்திருப்பார்கள், காலியானதைத் திருப்பினால் கிடைக்கும். திரும்பப் பயன்படுத்தும் பீர் பாட்டிலுக்கு வழக்கமாக 8 சென்ட். சூப்பர்மார்க்கெட்டில் உள்ள எந்திரத்தின் வாயில் ஒவ்வொன்றாக விட்டால், மேலே உள்ள குறியீட்டைப் படித்துவிட்டுக் கடைசியில் சீட்டுத் தரும். சப்பிப்போன பாட்டிலை அது திருப்பித் துப்பிவிடும். சீட்டை அந்தக் கடைக் கல்லாவிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். சட்டைப்பையில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் பாட்டில் போட எனக்கு உனக்கு என்று சண்டை வரும். பெர்லினில் செலவில்லாத பொழுதுபோக்கு இது. வெளியில் குடித்த பாட்டிலைச் சுமக்க மனமில்லையென்றால் குப்பைத்தொட்டிக்குள் எறியாமல் அருகில் நிறுத்திவையுங்கள். அதைப் பொறுக்கி நாள் ஓட்டுபவர்கள் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்காது.

ஞாயிறன்று ஊறுகாய்ப் பாட்டிலைக் கண்ணாடிக் கழிவுத் தொட்டியில் போடுவது

சத்தம் கேட்கும். ஜன்னல் திறக்கும். திங்களன்று போடுங்கள்.

கல்லாவில் நிதானமாக அடுக்குவது

மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டுகளில் கல்லாக்காரர் கை வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. தக்காளி அடியில், முட்டை மேலே என்று யோசித்துக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவரின் பெருமூச்சு பிடரியில் படும். ஊர்க்காரர்கள் அங்கே அடுக்குவதே இல்லை. வந்த வேகத்தில் அப்படியே தள்ளுவண்டிக்குள் தள்ளிக்கொண்டு, பணம் கொடுத்துவிட்டு நகர்ந்து, ஓரத்தில் பையை விரித்துச் சாவகாசமாக அடுக்குவார்கள். வண்டியை விடுவிக்க 50 சென்ட் அல்லது ஒரு யூரோ நாணயம் வேண்டும். பை உங்களுடையது.

முதல் நாளே கறிவேப்பிலை தேடி அலைவது

இலங்கைத் தமிழர் கடைகள் ஊரில் உண்டு. எங்கும் ஓடிப்போய்விடாது.

சந்தை தினமும் இருக்கும் என்று நினைப்பது

மேபாஹூஃபர் கால்வாயோரத் துருக்கியச் சந்தை செவ்வாயும் வெள்ளியும். வின்டர்ஃபெல்ட் சதுக்கத்தில் புதனும் சனியும். துருக்கியச் சந்தைக்கு மாலையில் போங்கள். கடை கட்டும் நேரத்தில் கூவல் ஏறும், விலை இறங்கும். கொத்துமல்லியும் புதினாவும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். இரண்டு பேருக்குச் சமைக்கிறோம் என்பதை மறந்து பெட்டியோடு கத்தரிக்காய் வாங்கிவந்தவரை எனக்குத் தெரியும். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கிளம்பும் நாளுக்குத் துணியைச் சேர்த்துவைப்பது

சலவை நிலையத்தில் துணியைப் போட்டுக் கதவைச் சாத்தி, எந்திரத்தின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் காசு போடும் பெட்டி சுவரில் தனியாக இருக்கும்; எண்ணை அழுத்திக் காசு போட்டால்தான் தண்ணீர் வரும். அடுத்தவர் எண்ணை அழுத்தி அவர் துணியைத் துவைத்துக் கொடுத்த புண்ணியவான்களும் உண்டு. உலர்த்தும் எந்திரம் சில நிமிடத்துக்கு ஒருமுறை காசு கேட்கும். ஜீன்ஸ் லேசில் காயாது, விமானம் காத்திருக்காது. பயணத்தின் நடுவில் ஒரு வார நாள் காலையில் போங்கள். சில்லறையைத் தேவைக்கு மேலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுக்க அங்கே ஆள் இருக்கமாட்டார்.