போனில் ஹார்டு டிஸ்க் செருகும்போது நடக்கும் தவறுகள்

போனிலோ டேப்லெட்டிலோ வெளி டிரைவ் ஒன்றைச் செருகி, அது தெரியவில்லை என்றால் உடனே டிரைவ் மேல்தான் சந்தேகம் வரும். "கெட்டுப் போச்சு போல" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதே டிரைவ் கணினியில் நன்றாகத் திறக்கும். பெரும்பாலும் கோளாறு டிரைவிலும் இல்லை, போனிலும் இல்லை. கேபிளில் இருக்கும், போன் தரும் மின்சாரம் போதாமல் இருக்கும், அல்லது டிரைவ் ஃபார்மேட் செய்யப்பட்ட விதம், அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்க அதில் போடப்பட்ட அமைப்பு, போனுக்குப் புரியாமல் இருக்கும். மூன்றையும் சரிசெய்துவிடலாம். சரிசெய்வது கடினமாகிவிடுவது ஒன்றுதான்: டிரைவ் தெரியாத பதற்றத்தில், திரையில் வருகிற பட்டனைப் படிக்காமல் அழுத்திவிடுவது. முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

'அமைக்கவா?' என்று போன் கேட்டால்

ஆண்ட்ராய்டு போன் தனக்குப் புரியாத ஃபார்மேட்டில் ஒரு டிரைவைக் கண்டால், டிரைவில் சிக்கல் இருக்கிறது அல்லது இதற்கு ஆதரவு இல்லை என்கிற மாதிரி ஓர் அறிவிப்பைக் காட்டும். தட்டினால், அமைத்துத் தரவா என்று கேட்கும். கேட்பதற்கு உதவி செய்வது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த அமைப்பு வேலையின் உண்மையான பெயர் ஃபார்மேட். சரி என்று அழுத்திக்கொண்டே போனால் டிரைவில் இருந்த அத்தனையும் காலி. டிரைவில் பல வருடப் படங்கள் இருக்கின்றனவா, ஒன்றுமே இல்லையா என்பது போனுக்குத் தெரியாது. அதற்குப் படிக்க வரவில்லை, அவ்வளவுதான்.

எதனால் படிக்க வரவில்லை? கடையில் வாங்கும் ஹார்டு டிஸ்க்குகள் பல, விண்டோஸ் கணினியை மனத்தில் வைத்து என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் வருகின்றன. சில போன் நிறுவனங்கள் அதற்கான ஆதரவைத் தாங்களாகவே சேர்த்துத் தருகின்றன; பல போன்களில் அது கிடையாது. மேக் கணினியில் ஏபிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ் ஐபேடில் திறக்கும், ஆண்ட்ராய்டில் திறக்காது. ஐபோன், ஐபேட் பக்கம் ஆப்பிள் சொல்லும் பட்டியல் இது: ஏபிஎஃப்எஸ், மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், எக்ஸ்ஃபேட், ஃபேட்32, ஃபேட். அதோடு, டிரைவில் தரவுக்கென ஒரே ஒரு பார்ட்டிஷன்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரே டிஸ்க்கை நான்காகப் பிரித்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், வெளிச் சேமிப்பை போனின் உள் சேமிப்பாகவே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. எல்லா போன்களிலும் இதைக் காண முடியாது. இருக்கிற போன்களில், டிரைவ் அங்கும் இங்கும் எடுத்துப் போகத்தானா, உள் சேமிப்பாக்கவா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தால், போன் அந்த டிரைவை அழித்து, தனக்கு மட்டுமே திறக்கும்படி குறியாக்கம் செய்துவிடும். பிறகு அதைக் கழற்றிக் கணினியில் செருகினால் ஒன்றும் கிடைக்காது. இடம் பற்றாத போனுக்கு மெமரி கார்டை இப்படி நிரந்தரமாகப் பூட்டி வைக்கலாம். அங்கும் இங்கும் எடுத்துப் போகிற டிரைவுக்கு இது வேண்டவே வேண்டாம்.

தெரியாமல் ஃபார்மேட் ஆகிவிட்டதா? டிரைவை உடனே கழற்றிவிடுங்கள், அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். ஹார்டு டிஸ்க்காக இருந்தால், கணினியில் மீட்பு மென்பொருள் வைத்து நிறையத் திரும்ப எடுக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்றால் அந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு.

சரி, எந்த ஃபார்மேட்தான் எல்லாவற்றுக்கும் பொருந்தும்? இன்றைய நிலையில் எக்ஸ்ஃபேட். விண்டோஸ், மேக், ஐபோன், ஐபேட், அண்மைக்கால ஆண்ட்ராய்டு போன்கள் என எல்லாம் அதைப் படிக்கும், எழுதும். ஃபேட்32 இன்னும் பரவலாகத் திறக்கும்தான். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட்டால் ஏற்காது. நீளமான வீடியோ ஒன்றை காப்பி செய்யும்போது, டிரைவில் 50 ஜிபி இடம் கிடக்க, இடமில்லை என்றோ பிழை என்றோ வந்தால் இதுதான் காரணம். ஃபார்மேட் மாற்றுவதற்கு முன் டிரைவில் உள்ளதை வேறு இடத்தில் எடுத்து வைத்தாக வேண்டும். அந்த வேலையைக் கணினியில் செய்வது நல்லது. போனில் செய்யும்போது எந்த முறையில் ஃபார்மேட் ஆகிறது என்பது பல சமயம் நம் கையில் இருக்காது.

பட்டென்று பிடுங்குவது

எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. என்டிஎஃப்எஸ் போன்றவை எழுதப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவிட்டு எழுதும். பாதியில் மின்சாரம் போனாலும் குறிப்பைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால், அந்த ஒரு ஃபைல் மட்டும் அல்ல, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையே குழம்பக்கூடும். அடுத்த முறை செருகும்போது மேலே சொன்ன 'அமைக்கவா' அறிவிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

திரையில் 100 சதவீதம் என்று வந்துவிட்டது, அப்புறம் என்ன என்று நினைக்கலாம். எழுத வேண்டியதில் கொஞ்சத்தை போன் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் மெதுவாக டிரைவுக்கு அனுப்பும். ஆண்ட்ராய்டில் அறிவிப்புப் பட்டியிலோ செட்டிங்ஸின் சேமிப்புப் பகுதியிலோ டிரைவை வெளியேற்றும் பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கழற்றுங்கள். ஐபேடில் அப்படி ஒரு பட்டன் கண்ணில் படவில்லை என்றால், காப்பி முடிந்து சற்று நேரம் விட்டு, டிரைவின் விளக்கு மினுக்குவது நின்ற பிறகு எடுக்கலாம்.

மின்சாரக் கணக்கு

யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0-இல் 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். ஐபோன் 15 வரிசை டைப்-சி வழியாகத் தருவதும் அதிகபட்சம் 4.5 வாட்தான். பென் டிரைவுக்கு இது தாராளம். சுழலும் ஹார்டு டிஸ்க்கின் கதை வேறு: உள்ளே இருக்கும் தட்டு நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கும் அந்தச் சில நொடிகளில், சின்ன 2.5 அங்குல டிஸ்க்கே கிட்டத்தட்ட ஓர் ஆம்பியர் கேட்கும். மேசைமேல் வைக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இல்லாமல் வேலையே ஆகாது.

மின்சாரம் போதவில்லை என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். விளக்கு எரியும், 'டிக், டிக்' என்று சத்தம் வரும், சுற்ற ஆரம்பித்து நின்றுவிடும். திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பதுதான் இங்கே செய்யும் தவறு. மின்சாரம் போதாமல் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் டிஸ்க்கின் உள்ளே தரவைப் படிக்கும் முனை அவசரமாக ஒதுங்குகிறது. அது டிஸ்க்குக்கு நல்லதல்ல. எஸ்எஸ்டி இப்படிச் சத்தம் போடாது. சின்ன ஃபைல்களை ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிதாக எழுத ஆரம்பித்ததும் திடீரென்று காணாமல் போகும். அதுவும் பல சமயம் மின்சாரப் பிரச்சினைதான்.

தீர்வு, சார்ஜர் செருகும் வசதியுள்ள ஹப் (பல போர்ட்கள் உள்ள இணைப்புப் பெட்டி). அதில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் சார்ஜரை ஹப்பில் மாட்டி, ஹப்பை போனில் செருகி, கடைசியில் டிரைவை இணையுங்கள். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜரைக் கழற்றவோ மாட்டவோ வேண்டாம். யார் யாருக்கு மின்சாரம் தருவது என்று போனும் ஹப்பும் புதிதாகப் பேசி முடிக்கும் அந்தக் கணத்தில் பல ஹப்களில் டிரைவின் இணைப்பு அறுந்து திரும்பும். விளைவு, கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம்.

கேபிளும் ஓடிஜியும்

டைப்-சி கேபிள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருப்பது பெரிய தொல்லை. சில கேபிள்களில் மின்சாரம் மட்டும்தான் போகும், தரவு போகாது. போனோடு வரும் சார்ஜிங் கேபிள்கள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வேகத்திலேயே நின்றுவிடும். நொடிக்கு 480 மெகாபிட் என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் 40 எம்பி கிடைத்தால் நல்லது. 100 ஜிபி வீடியோவை அதில் காப்பி செய்ய 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். டிரைவோடு பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். போனின் போர்ட்டே மெதுவானதாக இருந்தால் எந்த கேபிளும் உதவாது: சாதாரண ஐபோன் 15-இன் போர்ட் யூஎஸ்பி 2.0 வேகம், 15 புரோவின் போர்ட் 10 ஜிகாபிட் வரை போகும். முன்னதற்காக விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்குவது வீண். தண்டர்போல்ட் என்ற வேறோர் இணைப்பு முறையை மட்டுமே பேசும் சில டிரைவ்களும் உண்டு. டைப்-சி வாய் பொருந்தினாலும் போனில் அவை வேலை செய்யாது.

ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ், விவோ போன்கள் பலவற்றில் செட்டிங்ஸில் ஓடிஜி (வெளி டிரைவ் போன்றவற்றை போனில் இணைக்கும் வசதி) என்று தனி சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால்தான் டிரைவ் தெரியும். பயன்படுத்தாமல் சுமார் 10 நிமிடம் விட்டால் தானே அணைந்தும்விடும். காலையில் தெரிந்த டிரைவ் மாலையில் தெரியாமல் போவதன் மர்மம் அதுவே. ஐபோனில் வேறு கதை: 2018 முதல், ஒரு மணி நேரத்துக்கு மேல் பூட்டியே கிடந்த போனில் எதைச் செருகினாலும் திறக்கச் சொல்லிக் கேட்கும். பூட்டைத் திறந்துவிட்டுச் செருகினால் முடிந்தது.

கடவுச்சொல் போட்ட டிரைவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டையோ, டிரைவ் நிறுவனத்தின் கணினி மென்பொருளால் போட்ட பூட்டையோ போன் தானாகத் திறக்காது. திறக்க முடியாத டிரைவை அது புரியாத டிரைவாகவே நினைக்கும், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கலாம்.

'கட்' வேண்டாம், 'காப்பி' போதும்

போனில் இடம் காலி செய்யும் அவசரத்தில் படங்களை நேரடியாக 'மூவ்' செய்வது அடுத்த தவறு. பாதியில் இணைப்பு அறுந்தால் எது போனது, எது இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் காப்பி, பிறகு சரிபார்ப்பு, அதற்கப்புறம்தான் அழிப்பு. காப்பி ஓடும்போது திரை அணையாமல், அந்த ஆப்பிலிருந்து வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதி, பின்னணியில் ஓடும் காப்பியை நிறுத்திவிடலாம்.

சரிபார்ப்பது என்றால் டிரைவில் ஃபோல்டர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது அல்ல. இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்றவை உள்ள ஃபைல்களை எக்ஸ்ஃபேட் ஏற்காது. அவை மட்டும் விட்டுப்போயிருக்கலாம். கிளவுடில் மூலப் படத்தை வைத்துவிட்டு போனில் சிறிய பிரதி மட்டும் வைக்கும் வசதியை இயக்கியிருந்தால், டிரைவுக்குப் போவது முழுப் படம்தானா என்று அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஃபைலின் தேதி காப்பி செய்த நாளாக மாறிவிடுவதும் உண்டு. படம் எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே பதிவாகியிருப்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும் '2 டிபி' பென் டிரைவ்களுக்கு எண்ணிக்கைச் சோதனை போதாது. உண்மையில் சில பத்து ஜிபி மட்டுமே கொள்ளும் சிப்பை வைத்து, பெரிய அளவைச் சொல்லும்படி மாற்றியமைத்த போலிகள் அவை. நிறைந்த பிறகும் எழுதுவது போலவே நடிக்கும்; ஃபைல் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. புதிதாக வாங்கிய டிரைவை, எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மாதிரி ஒரு மென்பொருளால் கணினியில் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகே படங்களை அதற்கு மாற்றுங்கள். அப்போதும், கடைசியாக காப்பியான சில வீடியோக்களை டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு போனில் உள்ளதை அழிக்கலாம்.