‘இன்று மட்டும் பாருங்களேன் கேப்டன்’ என்னும் குரலுக்கு விமானி எப்படிப் பதில் சொல்வது?

பாதுகாப்பை விட்டுக்கொடுத்து விமானத்தை ஓட்டுங்கள் என்று எந்த நிறுவனமும் எழுத்தில் ஆணையிடுவதில்லை. “கூடுதல் எரிபொருள் அவசியந்தானா?”, “பயணிகள் எல்லாரும் ஏறிவிட்டார்கள், இன்று மட்டும் பாருங்களேன்” என்று பணிவான கேள்வியாகத்தான் அது வருகிறது. மீனம்பாக்கத்திலிருந்து பறக்கும் இளம் துணை விமானிகளும் புதிதாகப் பொறுப்பேற்ற கேப்டன்களும் அதை எதிர்கொள்ளச் சில வழிகள் உள்ளன.

எல்லைகளை வீட்டிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை நாளிலோ போகிப் புகை மூடிய காலையிலோ சென்னைக்குத் திரும்பும்போது, எத்தனை கிலோ எரிபொருள் மிஞ்சும்வரை காத்திருப்பது, எந்த அளவில் பெங்களூருக்கோ திருச்சிக்கோ திருப்புவது என்பதை எண்ணாகவே முடிவு செய்து, புறப்படும் முன் துணை விமானியிடம் சொல்லிவிடுங்கள். 2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம் அங்கே மூன்று முறை இறங்க முயன்று, பின்னர் திருவனந்தபுரத்துக்குத் திருப்பப்பட்டு, ஏழாவது முயற்சியில்தான் தரைதொட்டது. அரைமணி நேரம் பறப்பதற்கான இறுதி எரிபொருள் இருப்பைத் தொடாமல் தரையிறங்க வேண்டும் என்ற விதி, ‘இன்னொரு முறை பார்க்கலாம்’ என்ற ஆசையின் முன் எவ்வளவு எளிதாகக் கரைந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யாருமே வாய் திறக்காமல் வரும் நெருக்கடிதான் கடினமானது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேர் உயிரிழந்த விபத்தில், கேப்டனை யாரும் தொலைபேசியில் மிரட்டவில்லை. மறுநாள் காலை அங்கிருந்து புறப்படும் விமானத்துக்கு அவர் பெயர் பட்டியலில் இருந்தது. அந்தத் தளத்தில் போதிய கேப்டன்கள் இல்லை. இந்தச் சூழல் அவருடைய முடிவுகளைப் பாதித்ததாக விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. பின்காற்றோடு இறங்கிய விமானம் ஓடுபாதையின் பாதியளவில்தான் தரைதொட்டது. துணை விமானி ‘கோ அரவுண்ட்’ (இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்புங்கள்) என்று சொன்னதும் பயன்படவில்லை. ஆகவே மறுநாள் பணியைப் பற்றிய எண்ணம் வந்தால், அதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வானிலை மோசமாக இருக்குமென்று தெரிந்தால், நாளைய விமானத்துக்கு மாற்று ஆள் தயாராக இருக்கட்டும் என்று புறப்படும் முன்பே இயக்கப் பிரிவுக்குத் தெரிவித்துவிடுங்கள். துணை விமானியாக இருந்தால், சொல்லியும் பதில் வராதபோது கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ள உங்கள் நிறுவனக் கையேடு வகுத்துள்ள முறையை மனப்பாடமாக வைத்திருங்கள். வயதும் மரியாதையும் அங்கே குறுக்கே வரக் கூடாது.

களைப்பைப் பற்றிப் பேசும்போது ‘கொஞ்சம் அசதியாக இருக்கிறது’ என்று சொன்னால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் வரும். ‘களைப்பால் பணிக்குத் தகுதியற்ற நிலையில் இருக்கிறேன்’ என்று முழுமையாகச் சொல்லி, களைப்பு அறிக்கையையும் அன்றே பதிவு செய்யுங்கள். விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய, இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிஜிசிஏ, 2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது புதிய விதிகளில் சிலவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. ஒழுங்குபடுத்தும் அமைப்பே வளையும்போது தனி விமானி மட்டும் எப்படி நிமிர்ந்து நிற்பது என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனாலும் தகுதியற்ற நிலையில் பறக்கக் கூடாது என்ற கடமையை எந்தத் தளர்வும் நீக்கிவிடவில்லை.

பழுதுகளை டெக் லாக்கில், அதாவது விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில், எழுதுங்கள். எழுதப்பட்டதைச் சரிசெய்தாக வேண்டும், அல்லது விதிப்படி ஒத்திவைத்தாக வேண்டும்.

வாய்மொழியாக யாராவது வற்புறுத்தினால், “இதை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்” என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலான வற்புறுத்தல்கள் அத்துடன் நின்றுவிடும். நிற்காவிட்டால் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு, டிஜிசிஏவின் தன்னார்வ அறிக்கை முறை, விமானிகள் சங்கம் என்ற வரிசையில் செல்லலாம். இந்திய விதிப்படி துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புக் கொடுத்த பிறகே விலக முடியும் என்பதால், வேலையை விட்டுவிடுவேன் என்பது உடனடி ஆயுதம் ஆகாது. அந்தக் காலம் முழுவதும் உங்கள் பக்கம் நிற்கப்போவது, தேதியிட்ட அறிக்கைகளும் மாற்றப்பட்ட பணிப்பட்டியல்களின் நகல்களும்தான். நிறுவனச் செயலியிலிருந்து அவை மறைவதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.