அப்பாவை இழந்த பிள்ளையை ஆயா வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது

வடசென்னை மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் அப்பா இறந்துபோனால் சில நேரம் அதே வாரத்தில் வீடும் மாறிவிடும். அம்மா வேலைக்குப் போக வேண்டும், பிள்ளை வியாசர்பாடியில் ஆயாவோடு (பாட்டியோடு). இரண்டு இழப்பையும் ஒன்றாகச் சுமக்கிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது உண்மை.

"அப்பா செத்துட்டாரு, இனிமே வரமாட்டாரு" என்று நேராகச் சொல்லுங்கள். "தூங்குறாரு" என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்காரு" என்றால் வாசலில் காத்திருக்கும். ஐந்து வயதுக்குள் இருந்தால் இருபது தடவை கேட்கும், ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையில் பதில் சொல்லுங்கள். சாவு வீட்டில் மேளம், வெடி, அழுகை எல்லாம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு பெரியவர் அதன் கையை விடாமல் இருக்கட்டும். பார்க்க மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். பையனிடம் "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்று சொல்லவே கூடாது. அவன் அழுகையை விழுங்கிவிடுவான்.

வீடு மாறினாலும் முடிந்தால் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை பள்ளியை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வர தாமதமானதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எட்டாம் வகுப்புவரை இது பொருந்தும். வகுப்பு டீச்சரிடம் மூன்றைச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும், சாயங்காலம் யார் கூட்டிப் போவார்கள். சொல்லாமல் விட்டால், "என் அப்பா" என்று கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் பிள்ளை வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருக்கும்.

அப்பாவின் ஒரு சட்டையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். வாசனை போய்விட்டால் திரும்ப வராது.

படுக்கையில் ஒன்றுக்கு போவது, வயிற்றுவலி, திடீர்க் கோபம் எல்லாம் சில வாரம் வரும், அடிக்காதீர்கள். குறையாமல் நீடித்தாலோ, சாப்பாட்டையே விட்டாலோ ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "நானும் செத்துடுறேன்" என்று சொன்னால் அன்றைக்கே போங்கள், தனியாக விடாதீர்கள். யாராவது அடித்தாலோ வேலைக்கு அனுப்பினாலோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். அந்தச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பள்ளிச் சான்று இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு உண்டு, எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

விசைப்படகில் போனவரின் பிள்ளை என்றால் ஜூன் 14-ஐ மறக்காதீர்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எஞ்சின்கள் கிளம்பும் அந்த ராத்திரி பிள்ளை முழித்திருக்கும். பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.