எழுத்தில் தடுமாறும் பிள்ளையிடம் நாம் செய்கிற தவறுகள்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி. மூணாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் 'கொடை' என்று எழுதச் சொன்னேன். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. வில்லுப்பாட்டு, சாமியாட்டம், ராத்திரி முழுக்க முழித்திருந்தது என்று அதுவரைக்கும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவள், பென்சிலைக் கையில் கொடுத்ததும் அமைதியாகிவிட்டாள். முதலில் 'க' போட்டாள். கொஞ்சம் யோசித்தாள். அந்தக் 'க'வுக்கும் மார்ஜின் கோட்டுக்கும் நடுவில் கிடந்த துளி இடத்தில் ஒரு கொம்பை நெருக்கி நுழைத்தாள். அடுத்து 'ட'. அதற்குப் பக்கத்தில் ஒரு கால். அதற்கு மேல் ஓடவில்லை. ரப்பரைத் தேடினாள்.

நோட்டில் இருந்தது 'கெடா'. திருத்துகிறவர் கண்ணுக்கு அது தப்பு, சிவப்பு மையில் ஒரு சுழி, அவ்வளவுதான். ஆனால் அவள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு வேறொன்று தெரியும். 'கொ' என்ற சத்தத்துக்குக் கொம்பும் வேண்டும், காலும் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் போட்டும் இருக்கிறாள். கால் மட்டும் ஓர் எழுத்து தள்ளி விழுந்துவிட்டது. காது சரியாகத்தான் வாங்கியிருக்கிறது, கைதான் வழி தவறியிருக்கிறது.

தமிழில் இந்த இடம் பெரியவர்களுக்குத் தெரியாத ஒரு பள்ளம். வாயில் 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பின்னால் வருகிறது. கை மட்டும் கொம்பை முதலில் போட்டு, 'க'வை நடுவில் வைத்து, காலைக் கடைசியில் போட வேண்டும். கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றிலும் இதே கதை. உகர வரிசை இன்னும் சிரமம். கு, சு, டு, து, மு என்று எழுதிப் பாருங்கள்: ஒரே 'உ' சத்தம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தி ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களை எடுத்துவிட்டு மற்ற எழுத்துகளைப் போலவே ஆக்கியது. படிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்த வட்டாரத்தில் பல வருஷமாகப் பள்ளி பள்ளியாகப் போய்க் கற்றலில் தடுமாறும் பிள்ளைகளோடு உட்காருகிறவள் நான். வீட்டிலும் வகுப்பிலும் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன். சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

இம்போசிஷன்

அதில் முதலாவது இம்போசிஷன். வேலைக்கு வந்த புதிதில், 'பள்ளிக்கூடம்' என்பதைப் 'பளிக்கூடம்' என்று எழுதிய பையனை ஐம்பது தடவை எழுதிவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான். முதல் மூன்று வரி சரி. நாலாவது வரியில் புள்ளி வைத்த 'ள்' காணாமல் போனது. அங்கிருந்து கடைசி வரை நாற்பத்தேழு தடவையும் 'பளிக்கூடம்'. ஒரு தப்பை நாற்பத்தேழு முறை பழக்கிக்கொடுத்தது நான்தான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

எழுத்தும் சத்தமும் மனதில் ஒட்டாத பிள்ளைக்கு, திரும்ப எழுதுவது படம் வரைகிற மாதிரி. மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரி. அதற்குப் பதில் ஐந்தே தடவை போதும்: ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு, 'பள்-ளிக்-கூ-டம்' என்று அசை பிரித்து, கையைத் தட்டி, அப்புறம் எழுதட்டும். தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவது இன்னும் நல்லது. திண்ணைப் பள்ளியில் நம் தாத்தாக்கள் அப்படித்தான் எழுத்துப் படித்தார்கள். விரல் போகிற பாதை கைக்கு நினைவிருக்கும், தப்பினால் ஒரு தடவினால் போயிற்று, காகிதம் கிழியாது. புளியமுத்தை அடுக்கியும் செய்யலாம்.

அழகான நோட்டை நம்புவது

இது இம்போசிஷனைவிட ஆபத்தானது, ஏனென்றால் யார் கண்ணிலும் படாது. போர்டில் இருப்பதைப் பார்த்து முத்து முத்தாக எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நோட்டு சுத்தம், அடிக்கோடு சுத்தம், வருகிற அதிகாரிக்குக் காட்ட அந்த நோட்டுதான் முதலில் போகும். அந்தப் பக்கத்திலேயே ஒரு வார்த்தையைத் தொட்டு 'இது என்னது?' என்று கேட்டால் முழிக்கும். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இப்படியே வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் தேர்ச்சி என்பதை நான் குறை சொல்ல மாட்டேன், பெயிலாக்கினால் அந்தப் பிள்ளை பள்ளியைவிட்டே போகும். ஆனால் தேர்ச்சி போட்டுவிட்டதால் கற்றுக்கொண்டுவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்வது தப்பு. வாரத்துக்கு ஒரு நாள், புத்தகத்தில் இல்லாத மூன்று வரியைச் சொல்லி எழுத வையுங்கள், வேறொரு நாள் வாசிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை.

ஊர்ப்பேச்சைக் குறைபாடாக எண்ணுவது

நம் பிள்ளைகள் 'வாளப்பளம்' என்று சொல்லும், அப்படியே எழுதவும் எழுதும். 'அவுக வந்தாவ' என்று எழுதும். 'முறம்' என்று பாடத்தில் வந்தால் விழிக்கும், 'சொளவு' என்றால் ஓடிப்போய் எடுத்துவரும். 'துடைப்பம்' தெரியாது, 'வாரியல்' தெரியும். இது குறைபாடே கிடையாது. அந்தப் பிள்ளை காதில் கேட்டதை அப்படியே எழுத்தில் இறக்கியிருக்கிறது. சத்தத்தையும் எழுத்தையும் சேர்க்கும் திறமை அதற்கு நன்றாகவே இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. 'வாழைப்பழம்' என்ற எழுத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்.

டிஸ்லெக்சியா என்று சொல்கிறோமே, அந்த எழுத்துக் கற்றல் குறைபாடு வேறு மாதிரி தெரியும். ஒரே பக்கத்தில் ஒரே வார்த்தை மூன்று விதமாக இருக்கும். நடுவில் ஓர் எழுத்து மொத்தமாகக் காணாமல் போகும். நேற்று வாசித்த வார்த்தை இன்று புதிதாக இருக்கும். வார்த்தையின் சத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் அவர்களுக்குச் சிக்கல். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு டீச்சர், அதான் ஏழாங்கிளாசோட நின்னுட்டேன்' என்று ஓர் அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவருக்கு அன்றைக்கு யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை, வழியும் காட்டவில்லை.

அப்படி வழி கிடைக்காதபோது 'மக்கு', 'மந்தம்', 'சோம்பேறி' என்ற வார்த்தைகள்தான் கிடைக்கும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது, எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பிள்ளையைத் தூக்கிவிடத்தான். அதையும் சில இடங்களில் பட்டமாக்கிவிட்டார்கள். 'நீ அரும்புதானல, ஒனக்கெதுக்கு அது?' என்று ஒரு பையன் இன்னொருவனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அரும்பு என்பது இந்த மாதத்து நிலை, அதுவும் இந்தப் பாடத்தில் மட்டும். தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம். குழுக்களைக் கலைத்துக் கலைத்து அமையுங்கள். யார் எந்தக் குழு என்று சத்தமாகப் படிக்க வேண்டாம்.

கணக்கு என்றதும் ஒரு பையன் ஞாபகம் வருகிறான். ஆலங்குளம் பக்கம், அம்மா பீடி சுற்றுகிறவர். போர்டில் 25 × 8 என்று எழுதினால் நகத்தைக் கடிப்பான். 'எட்டுக் கட்டுல எத்தன பீடிலே?' என்றேன். 'இருநூறு' என்றான், நான் கேட்டு முடிக்கவில்லை. பீடிக் கட்டுக்கு 25 என்று வீட்டில் நாள் முழுக்க எண்ணிக்கை காதில் விழுகிறது. பிள்ளை பீடித் தட்டுக்கு முன்னால் உட்காரக் கூடாது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் தலையில் ஏற்கெனவே இருக்கிற கணக்கைக் காகிதத்துக்குக் கொண்டுவரலாமே. 'எட்டுக் கட்டு' என்று எழுதி, அதன் கீழ் 8, அதன் கீழ் 25 × 8 என்று மூன்று நாள் சேர்ந்து எழுதினோம். நாலாம் நாள் கட்டு இல்லாமலே செய்தான். குழந்தையை மையமாக வைத்த கல்வி என்று பயிற்சிகளில் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். பிள்ளை இஷ்டம்போல இருக்கட்டும் என்று விடுவதும் அல்ல, அட்டை வெட்டிச் சுவரில் ஒட்டுவதும் அல்ல.

காதையும் கண்ணையும் பார்க்காமல் முடிவு கட்டுவது

'சொன்ன பேச்சே கேட்க மாட்டேங்கான்' என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால், நான் முதலில் கேட்பது, காதில் சீழ் வடிகிறதா என்றுதான். நடுக்காதில் நீர் கோத்தாலோ சீழ் பிடித்தாலோ காது மந்தமாகும். சளி பிடித்தால் கூடும், விட்டால் குறையும். அதனால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. வேண்டுமென்றே நடிக்கிறான் என்று அடி வாங்குகிற பிள்ளைகள் இவர்கள்தான். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், கோழியிறகால் குடையாதீர்கள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம். கண்ணும் அப்படித்தான். போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிற பிள்ளையைக் காப்பியடிக்கிறான் என்று பிரித்து உட்கார வைப்பதற்கு முன்னால், கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்.

ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு ஒரு வரி: எழுந்திரிக்க ஒரு காரணம் கொடுங்கள். சாக்பீஸ் எடுத்துவர, நோட்டு அடுக்க, தண்ணீர் பிடித்துவர. கட்டிப்போட்டு உட்கார வைத்த பிள்ளையின் மனசு முழுக்க உட்காருவதிலேயே இருக்கும், பாடத்துக்கு இடம் இருக்காது.

'அங்கே கொண்டுபோய் விட்டுடுங்க'

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறு வருஷத்தைத் தாண்டிய பள்ளிகள் இருக்கின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. இவை நம் மண்ணுக்குப் பெருமை, தேவைப்படுகிற பிள்ளைக்கு அடைக்கலம். ஆனால் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிற எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும், 'இங்க சேர்க்க முடியாதும்மா, அங்க கொண்டுபோய் விட்டுடுங்க' என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது தவறு, சட்டப்படியும் தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அது பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ல் அது இருபத்தொன்றானது, அப்போதுதான் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாடத்தில் விலக்கு எல்லாம் அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. இதைச் 'சலுகை' என்று சொல்லிச் சொல்லிப் பெற்றோர் கூசிப்போகிறார்கள். 'எம் பிள்ளைக்கு எழுத ஆள் வச்சா நாளைக்கு ஊர்ல என்ன சொல்வாவ' என்று பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா அழுதார். கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுவது சலுகையா? அதுபோலத்தான் இதுவும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ரெண்டு மாதம் இருக்கும்போது ஓடினால் இதற்கு வேண்டிய குறைபாட்டுச் சான்றிதழ் கைக்கு வராது. எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். அதே சமயம், சான்றிதழ் வந்த பிறகுதான் உதவி என்று காத்திருக்கவும் கூடாது. மணல் தட்டுக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

இன்னொன்று, எல்லாப் பழியையும் அம்மா தலையில் போடுவது. 'வீட்ல ஒக்கார வச்சு சொல்லிக்குடுக்கிறதில்லையோ?' என்று பள்ளியில் கேட்கிறார்கள், 'வயித்துல இருக்கும்போது என்ன தின்னா' என்று வீட்டில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் பிள்ளையை அடிக்க ஆரம்பிக்கிறார். ஆச்சியும் தாத்தாவும் அப்பாவும் ஆளுக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளட்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிகூடக் கதை சொல்லலாம், பாட்டில் அசையைத் தட்டலாம். காதுக்குப் பழக்கம் அங்கேதான் கிடைக்கிறது.

உதவி தேவை என்று தோன்றினால் தலைமையாசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பாருங்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதற்குச் செலவில்லை. போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். அட்டை போட்ட, அழகாகப் பார்த்தெழுதிய நோட்டு வேண்டாம். வீட்டில் நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை தானாக எழுதிய, யாரும் திருத்தாத, ரப்பர் படாத நாலு பக்கம் போதும்.