போலாரி மொழியைப் புரிந்துகொள்வது எப்படி

இங்கிலாந்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வது 1967 வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர் காதில் விழுந்தாலும் விளங்காத ஒரு பேச்சு, லண்டன் நாடக அரங்குகளிலும் மதுக்கூடங்களிலும் பயணிகள் கப்பல்களிலும் அக்காலத்தில் வழங்கிவந்தது. அதுவே போலாரி. ‘பேசு’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இதைக் கற்பவர் தனி இலக்கணம் தேட வேண்டியதில்லை. வாக்கிய அமைப்பு ஆங்கிலம்தான். மறைக்க வேண்டிய சொற்கள் மட்டுமே மாறும்.

முதலில் நான்கு சொற்களை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ‘போனா’ என்றால் நல்ல, அழகான, ‘வாடா’ என்றால் பார், ‘ஓமி’ ஆண், ‘பலோனி’ பெண். தமிழ்க் காதுக்கு ‘வாடா’ அழைப்பாகவே ஒலிக்கும் என்பதால், ‘வாடா தி போனா ஓமி’ (அந்த அழகான ஆணைப் பார்) என்பதைப் பலமுறை உரக்கச் சொல்லிப் பழகுவது நல்லது. ‘ஓமி-பலோனி’ என்று சேர்த்தால் தன்பாலீர்ப்புள்ள ஆண். வரிசையைத் திருப்பினால் தன்பாலீர்ப்புள்ள பெண்.

அடுத்து தலைகீழ்ச் சொற்கள். ‘ஹேர்’ என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் ‘ரையா’, அதாவது கூந்தல்; ‘ஃபேஸ்’ அவ்வாறே திரும்பி, பின் சுருங்கி, ‘ஈக்’ ஆயிற்று. சிறுவயதில் க-பாஷை பேசியவர்களுக்கு இந்த உத்தி எளிதில் பிடிபடும். ஆனால் எல்லாச் சொற்களையும் இப்படித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. சர்க்கஸ்காரர், மாலுமியர், ரோமா எனப்படும் நாடோடி மக்கள், இத்திஷ் மொழி பேசிய யூதர் ஆகியோரிடமிருந்து வந்தவையும் பல.

என்னை மிகவும் உலுக்கிய சொல் ‘நாண்டி’. இல்லை, வேண்டாம் என்பது அதன் பொருள். ‘நாண்டி போலாரி’ என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னால், பேச்சை நிறுத்து என்று எச்சரிக்கிறார். காவலருக்கு ‘லில்லி லா’ என்ற பெண்பெயர் உண்டு. ஆண்களையும் ‘அவள்’ என்றே சுட்டுவது வழக்கமாதலால், பதிவுகளைப் படிக்கும்போது அச்சொல்லை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று முடிவுகட்டாதீர்கள்.

உச்சரிப்பின் இழுவையையும் குழைவையும் கேட்டறிய, 1965 முதல் 1968 வரை பிபிசி வானொலியில் ஒலிபரப்பான ‘ரவுண்ட் தி ஹார்ன்’ நிகழ்ச்சியில் கென்னத் வில்லியம்ஸும் ஹியூ பேடிக்கும் பேசும் பகுதிகள் உதவும். ஆனால் அவை பொதுமக்களுக்காக எழுதப்பட்ட நகைச்சுவை என்பதால், அந்த மொழியை அன்றாடம் பேசி வாழ்ந்தவர்களின் நேர்காணல்களையும் உடன் கேளுங்கள். அச்சமும் நேசமும் கலந்த உண்மையான குரல் அங்கேதான் கேட்கிறது.